விரலியும் வடிவூட்டலும்

சென்னைக்குக் குடிநீர் வழங்கும் புழல் ஏரியைக் காணொலியாக எடுத்த மாணவர் ஒருவர், அந்த 5 ஜிபி கோப்பை 32 ஜிபி விரலியில் (பென் டிரைவ்) படியெடுக்க முயல்கிறார் எனக் கொள்வோம். விரலி வெறுமையாக இருந்தும் கணினி மறுக்கிறது. குறை கொள்ளளவில் இல்லை. கோப்பு முறைமையில் உள்ளது. ஃபேட்32 முறைமை, கோப்பின் நீளத்தை 32 பிட்டுகளில் குறிப்பதால் 4 ஜிபியை எட்டும் தனிக்கோப்பை ஏற்காது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய எக்ஸ்ஃபேட் முறைமைக்கு இத்தடை இல்லை. ஆயினும், லினக்ஸ் கருவில் அது 2019இல்தான் சேர்ந்தது. எனவே, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் பழைய பதிப்புள்ள கணினியில் முதலில் சோதித்தல் நன்று. புதிதாக வாங்குவோர் யுஎஸ்பி 3 வகையைத் தேர்க. மேசைக்கணினியின் செருகுவாயும் அவ்வகையாயின் படியெடுப்பு விரையும். வடிவூட்டினால் விரலியில் முன்பிருந்தவை அழியும். ஆதலால், அவற்றைக் கணினியில் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா எனப் பார்த்த பின்னரே வடிவூட்டுக.