ஒரு பொத்தான் போதும்: குறைந்த செலவில் தகவமைப்புச் சுவிட்ச்

மூளை முடக்குவாதம் உள்ள மாணவி ஒருவர் எங்கள் ஏழாம் வகுப்பில் படிக்கிறார். கணினி ஆய்வகத்தில் மற்றவர்கள் விளையாட்டு வழியே கணக்குப் பயிலும்போது அவருக்குப் பார்வையாளர் இடம்தான் கிடைத்து வந்தது. விடை தெரியும், சுட்டெலியைப் பிடிக்க விரல்கள் ஒத்துழைக்காது. ஆனால் வலது முழங்கையை அவரால் விரும்பியபோது அசைக்க முடியும். அந்த ஓர் அசைவுக்கேற்ற கருவியை எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் சேர்ந்து செய்தோம்.

இத்தகைய கருவிகள் கடைகளிலும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 100 டாலர். அதில் 3.5 மி.மீ. துளைகள் 19 உள்ளன. கையோ காலோ தலையோ, எது அசைகிறதோ அதற்கேற்ற சுவிட்சை அவற்றில் செருகிக்கொள்ளலாம். இந்த எண்ணத்தை நம் பள்ளியிலும் செயல்படுத்தலாம்.

தேவையான பொருள்கள்

கம்பியுள்ள சாதாரண யு.எஸ்.பி. சுட்டெலி, 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டும் பின்னும், இரட்டை மின்கம்பி, சமையலறை அலுமினியத் தாள், கெட்டி அட்டை, செருப்பு செய்யும் ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் துண்டு. லாங் பஜாரையும் அதையொட்டிய தெருக்களையும் சுற்றி எல்லாவற்றையும் வாங்கினோம். தோல் பொருள் தொழில் நடக்கும் நம் பகுதியில் ரப்பர், தோல் வெட்டுத்துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 400 ரூபாய்க்குள் அடங்கியது.

செய்முறை

1. உள்ளங்கை அளவில் இரண்டு அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் அலுமினியத் தாளை ஒட்டவும்.

2. மின்கம்பியின் முனையைச் சீவி, இழைகளை விரித்து, தாளின் மேல் நேரடியாகப் படுமாறு ஒட்டுநாடாவால் அழுத்தி ஒட்டவும். அலுமினியத்தில் சால்டரிங் எளிதில் பிடிக்காது.

3. நடுவில் துளையிட்ட ரப்பர் துண்டை இரு தாள்களுக்கும் இடையில் வைக்கவும். மேலே அழுத்தினால் தாள்கள் துளை வழியே தொட்டு மின்சுற்று மூடும், விட்டால் பிரியும். கம்பியின் மறுமுனையில் பின்னை இணைக்கவும். மேற்பரப்பில் மென்மையான தோலை ஒட்டினால் கையில் உறுத்தாது.

4. கணினியில் செருகாத நிலையில் சுட்டெலியைத் திறக்கவும். இடது பொத்தானின் அடியில் சிறிய சுவிட்ச் இருக்கும். அழுத்தும்போது மட்டும் இணையும் அதன் இரு கால்களை மல்டிமீட்டரால் கண்டறிந்து, அவற்றில் இரு கம்பிகளைச் சால்டர் செய்து சாக்கெட்டுடன் இணைக்கவும். இதை ஆசிரியரே செய்ய வேண்டும். யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட் மட்டுமே. வீட்டு மின்சாரத்துடன் எதையும் இணைக்கக் கூடாது.

வலிமை குறைந்த கைக்கு மெல்லிய ஸ்பாஞ்சும் பெரிய துளையும் ஏற்றவை. வேகமாக அடிக்கும் கைக்குக் கெட்டியான ரப்பர் வேண்டும். எங்கள் மாணவர்கள் மூன்று மாதிரிகள் செய்தனர். எது வேண்டும் என்பதை அந்த மாணவியே தேர்ந்தெடுத்தார். கால் உணர்விழந்த தொழுநோயாளிகளுக்காக டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளை உருவாக்கிய ஊர் வேலூர். காலுக்கேற்பச் செருப்பு அமைய வேண்டும் என்ற அதே நியதிதான் இங்கும்.

வகுப்பறையில்

ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு மின்கடத்தி, கடத்தாப்பொருள், மின்சுற்று ஆகியவற்றை விளக்க இந்தச் சுவிட்சே போதும். உயர் வகுப்பு மாணவர்கள் ஸ்க்ராட்ச் மென்பொருளில் ஒரே பொத்தானால் ஆடும் விளையாட்டை உருவாக்கலாம். அழுத்தினால் பூனை தாண்ட வேண்டும்; அவ்வளவுதான். அடுத்த நிலையில், நான்கு விடைகள் ஒவ்வொன்றாக ஒளிரட்டும். சரியான விடை ஒளிரும்போது மாணவர் அழுத்தட்டும்.

இந்த இரண்டாம் விளையாட்டைக் குறைவாக எண்ண வேண்டாம். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் இதே முறையில்தான் எழுதினார், பேசினார். திரையில் நகரும் தெரிவைக் கன்னத் தசையின் அசைவால் நிறுத்தினார். விடையைத் தேர்ந்தெடுக்கக் கற்கும் குழந்தை நாளை எழுத்தைத் தேர்ந்தெடுக்கும். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும்.

கவனிக்க வேண்டியவை

எந்த அசைவைப் பயன்படுத்தலாம் என்பதைச் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், பெற்றோர் ஆகியோருடன் கலந்து முடிவுசெய்யவும். முதலில் சில நிமிடங்களே போதும். தசை இறுகினாலோ களைப்புத் தெரிந்தாலோ நிறுத்தவும். வலிப்பு உள்ளவர்களுக்கு மின்னி மறையும் காட்சிகள் வேண்டாம். அவர் அழுத்தத் தாமதமானால், அருகிலிருப்பவர் கைபிடித்து அழுத்திவிட வேண்டாம். விளையாட்டின் வேகத்தைக் குறைக்கவும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. வகுப்பில் இடம் தருவது அதன் முதல் படி. ஆட்டத்திலும் முறை வர வேண்டும்; வெல்லவும் தோற்கவும் வாய்ப்பு வேண்டும். உங்கள் பள்ளியில் ஓரமாக அமர்ந்து பார்க்கும் மாணவர் யார், அவரால் விரும்பி அசைக்க முடிந்தது எது என்று இந்த வாரம் கவனியுங்கள். சுவிட்ச் செய்யும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.