எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: தகுதி என்ன? செலவு எவ்வளவு?



கிள்ளானில் வசிக்கும் 44 வயது மாது ஒருவரை எண்ணிப் பாருங்கள். உயரம் 1.60 மீட்டர், எடை 82 கிலோகிராம். எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மாத்திரை கூடிக்கொண்டே போகிறது, இரத்தச் சர்க்கரை குறையவில்லை. உறவினர் ஒருவர், "தனியார் மருத்துவமனையில் வயிற்றைச் சிறிதாக்கிவிடுகிறார்கள், நகையை அடகு வைத்தாவது செய்துகொள்" என்கிறார். இன்னொருவர், "அது நூறு கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான், உனக்குக் கிடைக்காது" என்கிறார்.

இருவர் சொன்னதும் சரியல்ல. அந்த மாது முதலில் செல்ல வேண்டிய இடம் அடகுக்கடையும் அல்ல, தனியார் மருத்துவமனையும் அல்ல. அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்தான். ஏன் என்பதை இந்தப் பாடம் விளக்குகிறது.

இது ஏன் நமக்கு முக்கியம்?

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 63.9 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இரண்டிலும் நம் சமூகமே முன்னிலையில் இருந்தது. உடற்பருமன் சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல. அது ஒரு நோய். அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

இந்த அறுவைச் சிகிச்சை என்ன செய்கிறது?

அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு வகை.

• ஸ்லீவ் முறை: இரைப்பையின் பெரும்பகுதி, ஏறத்தாழ முக்கால் பங்கு, அகற்றப்படுகிறது. மீதி ஒரு குறுகிய குழாய்போல் இருக்கும். அகற்றிய பகுதியைத் திரும்பப் பொருத்த முடியாது.

• பைபாஸ் முறை: இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறிய பை அமைக்கப்பட்டு, அது சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது.

இரண்டிலும் சிறிதளவு உணவிலேயே வயிறு நிறையும். பசியைத் தூண்டும் ஹார்மோன்களும் மாறுகின்றன. அதனால்தான் எடை குறைவதோடு இரத்தச் சர்க்கரையும் இறங்குகிறது. சிலருக்கு நீரிழிவு மாத்திரையே தேவைப்படாத நிலை வரும். ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று உறுதி கூற முடியாது. நீரிழிவு தொடங்கி அதிகக் காலம் ஆகாதவர்களுக்கே பலன் கூடுதல்.

தகுதி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

முதல் அளவுகோல் பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீடு. எடையை (கிலோகிராமில்) உயரத்தால் (மீட்டரில்) இருமுறை வகுத்தால் இது கிடைக்கும்.

நாம் பார்த்த மாதின் கணக்கு: 82 ÷ 1.60 ÷ 1.60 = 32.

1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பழைய விதிப்படி, 40-க்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து கடுமையான நோயும் இருக்க வேண்டும். "நூறு கிலோ" என்ற பேச்சு அந்தக் காலத்தது. 2022-இல் அனைத்துலக அறுவைச் சிகிச்சைச் சங்கங்கள் இந்த அளவைத் திருத்தின:

• பி.எம்.ஐ. 35 அல்லது அதற்கு மேல்: வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம்.
• 30 முதல் 34.9 வரை: நீரிழிவு போன்ற வளர்சிதை நோய் இருந்தால் பரிசீலிக்கலாம்.
• ஆசிய மக்களுக்கு: 27.5-இலிருந்தே இந்தச் சிகிச்சை பற்றிப் பேசலாம். குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவும் இதய நோயும் வருவதே இதற்குக் காரணம்.

1.60 மீட்டர் உயரமுள்ளவருக்கு 27.5 என்பது ஏறத்தாழ 70 கிலோ, 30 என்பது 77 கிலோ, 35 என்பது 90 கிலோ.

ஆகவே அந்த மாது, "எனக்குக் கிடைக்காது" என்று தாமாகவே முடிவு செய்யக்கூடாது. அதே வேளையில், எண் பொருந்தியதும் தகுதி கிடைத்துவிட்டது என்றும் எண்ணக்கூடாது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி வரம்பும் காத்திருப்புப் பட்டியலும் உண்டு. அறுவை மருத்துவர், உணவியல் நிபுணர், மயக்க மருந்து நிபுணர், மனநல நிபுணர் ஆகியோர் சேர்ந்தே முடிவு செய்வார்கள். அவர்கள் பார்ப்பவை:

1. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றை முறையாக முயன்றிருக்கிறீர்களா? அதற்குப் பதிவு உள்ளதா?
2. எடை கூடியதற்கு ஹார்மோன் கோளாறு போன்ற வேறு காரணம் உள்ளதா?
3. புகைபிடித்தல், மதுப்பழக்கம் உள்ளதா?
4. சிகிச்சை பெறாத மனச்சோர்வு உள்ளதா?
5. ஆயுள் முழுவதும் பரிசோதனைக்கு வர உங்களால் முடியுமா?

இவற்றில் ஒன்றால் "இப்போது வேண்டாம்" என்று சொல்லப்படலாம். அது நிரந்தர மறுப்பு அல்ல. புகையை நிறுத்திவிட்டு, மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவிட்டு மீண்டும் கேட்கலாம்.

கிளினிக்கிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

முதலாவது, பதிவு. பங்சாரிலோ பிரிக்பீல்ட்சிலோ வசிப்பவர் தங்லின் சுகாதாரக் கிளினிக்குக்கும், கிள்ளானில் வசிப்பவர் பண்டமாரான் போன்ற கிளினிக்குக்கும் மாதந்தோறும் சென்று எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பதிவு செய்தால், "முயன்றேன்" என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, கட்டணம். மலேசியக் குடிமக்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட். அங்கிருந்து அரசாங்க மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் பெற்றுச் சென்றால் முதல் சந்திப்பு இலவசம், பின்னர் ஒவ்வொரு முறையும் 5 ரிங்கிட். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு சென்றால் முதல் சந்திப்புக்கு 30 ரிங்கிட். 40 வயதைத் தாண்டிய பி40 குடும்பத்தினர் பெக்கா பி40 திட்டத்தின் இலவச உடல்நலப் பரிசோதனையையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

செலவு எவ்வளவு?

தனியார் மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்குப் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். அரசாங்க மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். அந்த வகுப்பில் குடிமக்களுக்கான கட்டணத்துக்கு 500 ரிங்கிட் உச்சவரம்பும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரைப்பையை வெட்டி மூட, ஸ்டேப்ளர் எனப்படும், ஒருமுறை மட்டுமே பயன்படும் கருவி தேவை. இதுதான் விலை அதிகம். சில இடங்களில் இதை நோயாளி வாங்கித்தர வேண்டியிருக்கும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸ் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கட்டணங்களும் வேறு.

எனவே "அறுவைச் சிகிச்சைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த நான்கையும் கேளுங்கள்:

• ஸ்டேப்ளர் விலை இதில் சேர்ந்ததா?
• சிக்கல் ஏற்பட்டு மீண்டும் சேர்க்க நேர்ந்தால் யார் செலவு?
• எத்தனை ஆண்டுகளுக்குத் தொடர் பரிசோதனை உண்டு? அதற்கு எவ்வளவு?
• வைட்டமின் மாத்திரைகள் மருத்துவமனையில் கிடைக்குமா, வெளியே வாங்க வேண்டுமா?

பணத்துக்கு எங்கே போகலாம்?

மருத்துவ அட்டை: பெரும்பாலான தனியார் காப்புறுதிகள் எடைக் குறைப்புச் சிகிச்சையை விலக்கி வைத்துள்ளன. ஒப்பந்தத்தில் "விலக்குகள்" பகுதியைப் படியுங்கள். நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமான பதில் கேளுங்கள். முகவரின் வாய்மொழி போதாது.

இபிஎஃப்: சுகாதாரத்துக்கான பண மீட்பு, பட்டியலிடப்பட்ட நோய்களுக்கே உண்டு. உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று இபிஎஃப் முகப்பில் கேட்டபிறகே மருத்துவமனைக்கு முன்பணம் கட்டுங்கள். 2024 மே மாதம் அறிமுகமான ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து காரணம் கூறாமலே எடுக்கலாம். ஆனால் அது முதுமைக்கான பணம் என்பதை மறவாதீர்கள்.

மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு: அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள இந்தப் பிரிவைப் பலர் அறிவதில்லை. கருவிக்கோ மருந்துக்கோ பணம் இல்லாதவர்கள், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி உள்ளிட்ட உதவிகளுக்கு இவர்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றும் மருத்துவரின் ஆதரவும் தேவை. உதவி உறுதி அல்ல. கேட்பது உங்கள் உரிமை.

சம்பளம்: வேலைச் சட்டம் 1955-இன்படி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய தொழிலாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. நாட்கூலிக்கு வேலை செய்பவர்கள், சிறுவியாபாரிகள் சில வார வருமானத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஆலோங்கிடம் கடன் வாங்காதீர்கள். நீரிழிவுக்குச் சிகிச்சை பெறப்போய்க் கடனில் மாட்டிக்கொண்டால், தொடர் மருந்துக்கும் பணம் இராது.

அதற்குப் பிறகு?

இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, வைட்டமின் பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். சைவ உணவு உண்பவர்கள் பி12-இலும் புரதத்திலும் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். தே தாரேக், மைலோ போன்ற இனிப்புப் பானங்கள் சிறிய வயிற்றிலும் எளிதாக இறங்கிவிடும். எடை திரும்பக் கூடுவதற்கு அவையும் ஒரு காரணம்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

1. என் பி.எம்.ஐ. எவ்வளவு?
2. கடந்த ஆறு மாத எடைப் பதிவு என்னிடம் உள்ளதா?
3. மேலே உள்ள நான்கு கேள்விகளுக்கும் மருத்துவமனையிடமிருந்து பதில் பெற்றேனா?
4. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் மாதம் எவ்வளவு ஒதுக்க என்னால் முடியும்?

நான்கில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும், முன்பணம் கட்டாதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். இந்தக் கையேட்டையும் உங்கள் மைகார்டையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். "எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு நான் தகுதி பெறுவேனா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆகும் செலவு 1 ரிங்கிட்.