குருதிச் சித்திரம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஸ்ரீரங்கத்தில் இராமானுசர் சந்நிதியைச் சேவித்தவர்கள் 'தானான திருமேனி' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். திருப்பெரும்புதூரிலும் மேல்கோட்டையிலும் இருப்பவை அவருடைய விக்கிரகங்கள். இங்கோ, 1137-இல் பரமபதித்த அவரது உடலே அமர்ந்திருக்கிறது என்பது வைணவ மரபு. ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள். உருவம் அவரைப் 'போல' இருந்தால் போதாது, அவராகவே இருக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு வெகுகாலமாக உண்டு. அந்த ஆசையின் இன்னொரு வடிவம், உறையூரில் எங்கள் அத்தை வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

காலமான மாமாவின் முகத்தை, 2022-இல் அத்தான் தம் இரத்தத்தைக் கொடுத்துச் சென்னையில் வரைந்து வாங்கி வந்தார். "அப்பா இரத்தந்தானே என் உடம்புல ஓடுது" என்றார். அப்போது இளைஞரிடையே இது பரவியிருந்தது. பெரும்பாலும் காதலிக்குப் பரிசு! மேனாட்டிலும் உண்டு. மார்க் குவின் என்னும் ஆங்கிலச் சிற்பி, தம் இரத்தத்தைச் சில மாதங்களாகச் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்து, ஏறத்தாழ நாலரை லிட்டரை உறையவைத்து 1991-இல் தம் தலையையே வடித்தார். மின்சாரம் நின்றால் அந்தத் தலை உருகிவிடும்.

அத்தானின் படம் வந்த அன்று செக்கச்செவேலென்று இருந்தது. நூலுக்குச் சாயம் தோய்க்கும் என் தந்தையார் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நிக்காதுடா" என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவர் சொன்னதற்குக் காரணத்தை நான் இங்கு வந்துதான் கற்றேன். இரத்தத்தின் சிவப்பு, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பால் வருவது. உடலுக்குள் அந்த இரும்பு ஃபெரஸ் நிலையிலேயே இருக்கும்படி நொதிகள் காத்துவருகின்றன. வெளியே வந்தபின் அந்தக் காவல் இல்லை. இரும்பு ஃபெரிக் நிலைக்கு மாற, ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாகிப் பழுப்பேறிவிடுகிறது.

நிறத்தைவிட என்னைக் கலக்கியது ஊசி. இரத்த ஓவியக் கூடங்களுக்குத் தமிழக அரசு 2022 டிசம்பர் இறுதியில் தடை விதித்ததைச் சென்ற ஆண்டுதான் படித்தேன். ஒரே ஊசியைப் பலருக்குக் குத்தினால் எச்.ஐ.வி. கிருமியும், ஈரலைத் தாக்கும் பி, சி வகைக் கிருமிகளும் பரவும். ஊசி புதிதா என்று அத்தானைக் கேட்டேன். அவர் பார்க்கவே இல்லையாம்! அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாளே, அத்தைக்குத் தெரியாமல், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். முடிவு வரும்வரை இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நல்லவேளை, ஒன்றுமில்லை.

படம் இப்போது முழுப் பழுப்பு. கழற்றிவிடலாமா என்று கேட்டால் அத்தை சம்மதிப்பதில்லை. "உங்க மாமா என்னைக்குடா செவப்பா இருந்தாரு? இப்பத்தான் அவரு நிறம் வந்திருக்கு" என்கிறார்.