குப்பை மேடு சரியுமா?

கேள்வி: மூணாறு பக்கம் மண் சரிவதைப் பார்த்திருக்கிறோம். சமவெளியில் கொட்டி வைத்த குப்பை மேடும் அப்படிச் சரியுமா?
– வாசகர், நல்லேப்பிள்ளி

பதில்: சரியும், ஆளையும் கொல்லும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். சதுப்பான தாழ்நிலத்தில் ஆண்டுக்கணக்கில் கொட்டிய குப்பை அது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி காசிப்பூரிலும் மேடு சரிந்து 2 பேர் பலியானார்கள்.

குப்பைக்குள் கந்தல் துணியும் பிளாஸ்டிக்கும் பின்னிக் கிடப்பதால் செங்குத்தாக நின்றாலும் உறுதியாகத் தெரியும். அதை நம்பக் கூடாது. மழைநீர் உள்ளே தேங்கினால் எடை ஏறும், பிடிமானம் தளரும். மக்கும்போது உண்டாகும் வாயுவும் உள்ளிருந்து தள்ளும். அடிநிலம் இளகியிருந்தால் மேடு மொத்தமாகவே நழுவும். ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடி அகலம் என்று சரிவைப் படுக்க வைத்து, நீர் வடிய வழி விடுவதே பாதுகாப்பு.

மீதொட்டமுல்லையில் வீட்டுச் சுவர்கள் முன்பே விரிசல் கண்டிருந்தன. மேட்டின் உச்சியில் வெடிப்போ, அடிவாரத்தில் தரை புடைப்போ கண்டால் காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டாரோடு முதலில் வெளியேறுங்கள், பிறகு பஞ்சாயத்துக்குச் சொல்லுங்கள்.