மதுரை மாநகரம்: வீதிகள் கூறும் வரலாறு

கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஏறி நின்று கிழக்கே நோக்கினால், மதுரை மாநகரின் கோபுரங்கள் தெரியும். நகரின் வரலாற்றை மலையிலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நகர மக்களின் பெயர்களை நமக்குக் காத்துத் தந்தவை மதுரையைச் சூழ்ந்த இக்குன்றுகளே.

அழகர்மலைக் குகையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை, முனிவர்க்கு அறம் செய்தோரைக் குறிப்பிடுகின்றன. மதிரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், அறுவை வணிகன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அறுவை என்பது துணி. மதுரைக்காஞ்சி பாடும் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் விற்றவர்கள் இத்தகையோரே அன்றோ! நம் சமணர் மலையிலும் 9, 10ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன.

இனி நகருக்குள் செல்வோம். கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்துள்ளன. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய கோட்டையை நீக்கி, 72 கொத்தளங்களுடன் பெருங்கோட்டை எழுப்பினார். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மகால் எழுந்தது. அதன் எல்லை எவ்வளவு பரந்தது என்பதற்குப் பத்துத்தூணும் நவபத்கானா தெருவும் இன்றும் சான்று. மகாலைச் சுற்றிச் சௌராட்டிர நெசவாளர் குடியிருப்புகள் பெருகின.

1840ஆம் ஆண்டை ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்கச் செய்தார். மதிலைத் தகர்த்து, அகழியைத் தூர்த்துச் சமன் செய்வோர்க்கு மனைகள் கிடைத்தன. அவ்வாறு பிறந்தவையே வெளி வீதிகள். நில அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகிய இருவர் பெயரும் தெருப் பெயர்களாயின. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் நினைவுச் சின்னமாயிற்று.

மதில் அகன்றபின் நகரம் விரிந்தது. 1875இல் இரயில் வந்தது. 1889இல் வைகைமீது ஆல்பர்ட் விக்டர் பாலம் எழ, வடகரைக் கோரிப்பாளையமும் தல்லாகுளமும் நகரோடு நெருங்கின. 1892இல் ஆர்வி ஆலை தோன்றியது; பின்னர் ஆலைத் தொழிலாளர்க்காக ஆர்விபட்டி உருவாயிற்று. 1866இல் நகராட்சியான மதுரை, 1971இல் மாநகராட்சியாயிற்று.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உப்பு விற்றவனின் பெயர் கல்லில் நிற்கிறது. ஆனால் 180 ஆண்டுகளுக்கு முன் கூடை கூடையாய் மண் சுமந்து அகழியைத் தூர்த்தவர்களுள் ஒருவர் பெயரையேனும் எந்தத் தெருவும் சுமக்கவில்லை. அவர்கள் மேடாக்கிய நிலத்தின்மீதே நாம் நாள்தோறும் நடக்கிறோம்.

ஆகவே மாணவத் தோழர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் தெருவின் மூத்தோரிடம் அமர்ந்து, அத்தெரு எவ்வாறு தோன்றியது, முதலில் குடியேறியவர் யார் எனக் கேட்டு எழுதி வையுங்கள். மன்னர் வரலாறு நூல்களில் உண்டு. மக்கள் வரலாறு அவர்கள் நினைவில்தான் உண்டு.