கொத்தனாரை எதை வைத்து அளப்பது?

தம்பி, சொந்தமா கான்ட்ராக்ட் எடுத்துட்ட. ஆளுங்கள்ல யாருக்கு எவ்வளவு திறமைன்னு எப்படிக் கணக்கு வைக்கிறதுன்னு கேட்டியே, சொல்றேன். வேலை தெரியுமாங்கிறது வேற. உன் சைட்ல அதைச் செய்றாராங்கிறது வேற. ரெண்டையும் தனித்தனியா பாரு.

புதுசா ஒரு கொத்தனார் வந்தா, எத்தனை வருஷ அனுபவம்னு கேட்டதோட விட்டுடாதே. சின்னதா ஒரு சுவர் கட்டச் சொல்லு. தூக்குக்குண்டு விடு, மூலைமட்டம் வை. யாரும் சொல்லாமலே செங்கல்லை நனைச்சு எடுக்கிறாரான்னு கவனி. கம்பி கட்டுறவர்னா கவர் பிளாக் பத்திக் கேளு. சாதாரண வீட்டுல தூணுக்கு 40 மி.மீ., தளத்துக்கு 20 மி.மீ.ன்னு பட்டுன்னு பதில் வரணும்.

அடுத்து தினக்கணக்கு. இன்னைக்கு எவ்வளவு பூசினாங்கன்னு மட்டும் எழுதினா, அவசரமா பூசுறவர்தான் எப்பவும் முன்னாடி நிப்பார். உடைச்சுத் திரும்பப் பூசினதையும் பக்கத்துலயே எழுது. ஏன் உடைச்சோம்னும் எழுது, அதுதான் முக்கியம். எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கிறதுக்கு முன்னாடியே பூசச் சொன்னது யாரு? மணல் வராம அரை நாள் ஆளுங்க உட்கார்ந்திருந்தாங்களா? டிராயிங் மாறிச்சா? இதெல்லாம் கொத்தனார் தலையில எழுதுற குறை இல்ல, உன் நிர்வாகத்தோட குறை. மாசக் கடைசியில நோட்டைப் புரட்டினா கம்பெனி எப்படி நடக்குதுன்னே தெரிஞ்சிடும்.

கான்கிரீட்டுக்கு 150 மி.மீ. கியூப் எடுக்கிறோம். எம்20 கலவைன்னா 28 நாள்ல சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும். ஆனா அந்த ரிசல்ட் வர்றதுக்குள்ள மேல சுவரே எழும்பிடும். அதனால போடுற அன்னைக்கே ஸ்லம்ப் பாரு, வைப்ரேட்டர் ஓடுதான்னு பாரு, கூடத் தண்ணி ஊத்த விடாதே. எந்தக் கலவையில கியூப் எடுக்கணும்னு மேஸ்திரி முடிவு பண்ணக் கூடாது. பிபிசி சிமென்ட்னா கியூரிங் 10 நாளாவது வேணும். தினமும் தண்ணி விட்டவங்க பேரை எழுதி வை.

சாரம் ஆடுதுன்னு ஒருத்தர் சொன்னா, வேலை நின்னுச்சேன்னு கூலியைப் பிடிக்காதே. பிடிச்சா அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. சித்தாளா வர்ற அக்காமார்ல கரண்டி பிடிக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. கேட்டுப் பாரு. அதே சுவரை அவங்களுக்கும் குடு, அதே தூக்குக்குண்டை விடு. தேறினா கொத்தனார் கூலியே குடு.