மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன்

பூச்சிமருந்து அடித்தோ, பேட்டரி பட்டறையின் ஈயப் புகையிலோ தின்னர் வாடையிலோ வருஷக்கணக்கில் வேலை பார்த்தோ உடம்பு தளர்ந்தவர்களிடம், “உங்க மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போச்சு” என்று சொல்லி டெஸ்ட்டும் மாத்திரையும் விற்பது கூடிவருகிறது. அடிப்படை பொய்யில்லை. செல்லுக்குச் சக்தி தரும் இந்த நுண்ணுறுப்பில்தான் சயனைடும், தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் வாயுவும் கைவைக்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் நீளும் உங்கள் சோர்வுக்கும் அதுவே காரணம் என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் யாராலும் சொல்லிவிட முடியாது.

செய்ய வேண்டியவை

• என்ன மருந்து, எத்தனை மணி நேரம், கையுறை போட்டீர்களா, கூட வேலை பார்த்தவர்களுக்கும் இதே தொந்தரவா, லீவு நாளில் குறைகிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். டப்பா லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த டெஸ்ட்டையும்விட டாக்டருக்கு இது உதவும்.

• ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12, சிறுநீரகம், கல்லீரல் முதலில். சிலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடலாம்.

• நச்சை நேரடியாகத் தேடச் சொல்லுங்கள். ஈயத்துக்கு ரத்தம், ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துக்குக் கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை. இரண்டாவதன் நார்மல் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மருந்தடிக்கும் பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை எடுத்து வைத்தால்தான் பிறகு ஒப்பிடலாம். ஆர்சனிக்குக்குச் சிறுநீர், அதற்குச் சில நாள் முன்பிருந்தே மீன், இறால், நண்டு வேண்டாம்.

• மைட்டோகாண்ட்ரியா கோளாறைத் தேட லாக்டேட் என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஓய்வாக உட்கார்ந்த பிறகு, கையை இறுக்கிக் கட்டாமல், முஷ்டி மடக்காமல் எடுக்க வேண்டும். ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் பிடித்து, ஐஸில் வைத்து உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும். குழந்தை அழுது திமிறினாலே அளவு ஏறிவிடும். நார்மலாக வந்தாலும் நோயே இல்லை என்று அர்த்தமில்லை.

• தாய்வழியில் காது மந்தம், சிறுவயதுச் சர்க்கரை, இமை தொங்குவது, வலிப்பு என்று தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அது பரம்பரை மைட்டோகாண்ட்ரியா நோயாக இருக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மரபணுவும் தசையும் பார்க்கிறார்கள்.

• நச்சுப்படுவதை நிறுத்துங்கள். இதுதான் முதல் சிகிச்சை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

செய்யக்கூடாதவை

• மருந்து கொடுத்து உலோகத்தை வெளியே இழுத்து, பிறகு சிறுநீரில் அளக்கும் டெஸ்ட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த மருந்து போட்டால் நல்ல உடம்புக்காரரின் சிறுநீரிலும் உலோகம் கூடத்தான் செய்யும். ஒப்பிட நம்பகமான நார்மல் அளவே கிடையாது. அதை நம்பி உலோகத்தை வெளியேற்றும் ஈடிடிஏ ஊசிக்குப் போவது அதைவிட ஆபத்து. 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையால் ரத்தத்தில் கால்சியம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள்.

• கோஎன்சைம் க்யூ10-ஐச் சத்து மாத்திரைதானே என்று வாங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடலாம். அதேபோல அதிக அளவு பயோட்டின் மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டையே பொய்யாக்கும்.

• லினிசோலிட் போன்ற காசநோய் மருந்தும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடும். பாதம் மரத்தாலோ பார்வை மங்கினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• கொஞ்சம் வேலை செய்தாலே மறுநாள் படுத்துவிடுபவர் பல்லைக் கடித்துக்கொண்டு உடற்பயிற்சி செய்ய வேண்டாம்.

மருந்தடித்த அன்றே வாந்தி, வாயில் நுரை, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, மூச்சுத் திணறல் என்று வந்தால் இந்தப் பட்டியலை மறந்துவிடுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.